ஒரே மறியல், மூன்று வகுப்புச் சிறை: கண்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மும்பைத் தமிழர் சுதந்திர தினக் கண்காட்சிக் குழுவின் தலைவர், செயலாளர், உறுப்பினர்களுக்கு,

ஆகஸ்ட் 15 கண்காட்சிக்காக நாங்கள் எழுதிக் கொடுத்த பதினொரு பலகைகளில் ஏழு திரும்பி வந்துவிட்டன. கூடவே வந்த குறிப்பு ஒரே வரிதான்: "மக்களைப் பிரித்துக் காட்டுவதாக உள்ளது, பொதுவாக எழுதித் தரவும்." திரும்பி வந்தவை ஆலைத் தொழிலாளர், உப்பளக்காரர், ஒடுக்கப்பட்டோர், அரசாங்க குமாஸ்தாக்கள், பெண்கள், பார்சிகள், கடற்படை மாலுமிகள் பற்றியவை. அந்த இடத்தில் 24 தலைவர்களின் படங்களும், "மக்கள் அலையெனத் திரண்டனர்" என்று ஒரே ஒரு பலகையும் வரப்போவதாக அறிகிறோம். இதை எங்களால் ஏற்க முடியாது. தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் பார்க்க வரப்போகிற எல்லோருக்கும் இது தெரிய வேண்டும் என்பதால் பொதுவில் எழுதுகிறோம்.

பிரித்தது யார் என்பதை முதலில் பேசிவிடுவோம். 1930 சட்டமறுப்பில் கைதானவர்களை அரசாங்கமே ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரித்தது. செய்த குற்றத்தைவிடப் படிப்பு, வசதி, வீட்டில் பழகிய வாழ்க்கை ஆகியவற்றுக்கே அதில் எடை. ஏ வகுப்பில் சொந்த உடுப்பு போட்டுக்கொள்ளலாம், வெளியிலிருந்து சாப்பாடும் புத்தகமும் வரும். சி வகுப்பில் சிறை அரைக்கால் சட்டை, தகரத் தட்டு, மாவரைப்பும் கல்லுடைப்பும். ஒரே மறியலில், ஒரே நாளில் பிடிபட்ட வக்கீலும் மில் தொழிலாளியும் சிறைக்குள் இரண்டு வேறு உலகத்துக்குப் போனார்கள். சத்தியாக்கிரகிகளில் மிகப் பெரும்பாலோர் சி வகுப்பு. இதை எழுதாமல் "அனைவரும் சிறை சென்றனர்" என்று போடுவது பொய்யில்லைதான். ஆனால் பாதிதான் உண்மை.

ஆலைப் பலகையைத் திருப்பியதுதான் எங்களுக்கு மிகவும் உறுத்துகிறது. பரேல், லால்பாக் ஆலைகளை விட்டுவிட்டு இந்த நகரத்தின் போராட்டத்தை எழுதவே முடியாது. 1908 ஜூலை 22 அன்று திலகருக்கு ஆறு ஆண்டு தண்டனை விழுந்தது. ஆண்டுக்கு ஒரு நாள் என்று ஆறு நாள் ஆலைகளை நிறுத்தினார்கள் தொழிலாளிகள். துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களும் அவர்கள்தான். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் உள்நாட்டு ஆலைத் துணிக்குச் சந்தை கூடியது, அதில் ஆதாயம் முதலாளிக்கு. நெசவாளிக்கு வந்ததோ 'சிக்கனத் திட்டம்': இரண்டு தறி பார்த்தவன் இனி மூன்று தறி பார்க்க வேண்டும். அதை எதிர்த்துத்தான் 1928 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பேர் வேலைக்குப் போகாமல் இருந்தார்கள்.

அந்த வேலைநிறுத்தத்தின் உள்ளேயே இன்னொரு கோடு ஓடியது. அதை ஒரு தறிப் படம் போட்டு விளக்கியிருந்தோம், அந்தப் படமும் திரும்பி வந்திருக்கிறது. தறி ஓடும்போது நாடாவுக்குள் (குறுக்கு நூலை இங்குமங்கும் கொண்டுபோகிற கட்டை) இருக்கும் தார் (நூல் சுற்றிய குச்சி) தீர்ந்துவிடும். புதுத் தாரைச் செருகி, அதன் நூல் முனையை நாடாவின் பக்கத்தில் இருக்கிற சின்னக் கண் வழியாக வெளியே இழுக்க வேண்டும். கையால் கோப்பது மெதுவான வேலை. வேகமான வழி, கண்ணில் வாயை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவது, நூல் தானாக வந்துவிடும். ஒரே நாடாவைப் பலர் மாறி மாறிக் கையாளுவார்கள். ஆகவே ஒருவர் எச்சில் இன்னொருவர் வாய்க்குப் போகும். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களை நெசவுப் பிரிவுக்குள் விடாததற்கு மற்றத் தொழிலாளிகள் சொன்ன காரணம் இதுதான். நெசவில் கூலி அதிகம், ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்ததோ கூலி குறைந்த நூற்புப் பிரிவு. நெசவுப் பிரிவை எங்கள் ஆட்களுக்கும் திறந்துவிடுங்கள் என்று 1928இல் அம்பேத்கர் கேட்டது முதலாளியை மட்டும் பார்த்து அல்ல, வேலைநிறுத்தத் தலைவர்களையும் பார்த்து. ஒரு நாடாவின் கண்ணளவு ஓட்டையில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. "பொதுவாக எழுதவும்" என்றால் இதில் எதை வெட்டுவது?

1937இல் பம்பாய் மாகாணத்தில் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. அடுத்த ஆண்டே வேலைநிறுத்த உரிமையை இறுக்கிப் பிடிக்கிற தொழில் தகராறு மசோதாவை அது கொண்டுவந்தது. 1938 நவம்பர் 7 அன்று அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒரு நாள் ஆலைகளை மூடவைத்தார்கள். சுயாட்சியின் முதல் ருசி ஆலைத் தொழிலாளிக்கு இப்படித்தான் இருந்தது. இது யாரையும் குறைத்துப் பேசுவதாகாது, தேதியோடு நடந்தது.

உப்புக்கு வருவோம். உங்கள் திட்டத்தில் தண்டி இருக்கிறது, வேதாரண்யம் இருக்கிறது, நாம் உட்கார்ந்திருக்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள வடாலா உப்பளம் இல்லை. 1930 மே, ஜூன் மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் அந்த உப்பளத்துக்குள் புகுந்து உப்பை அள்ளி வந்தார்கள், தடியடி பட்டார்கள். அப்போதைய வரி மணங்குக்கு 1 ரூபாய் 4 அணா. ஒரு மணங்கு என்பது ஏறக்குறைய 37 கிலோ. ஒரு குடும்பம் ஆண்டுக்கு ஒரு மணங்கு செலவழித்தால் இருபது அணா வரி. பங்களாக்காரருக்கு அது கணக்கிலேயே வராது, தினக்கூலிக்காரருக்குச் சில நாள் கூலி.

அதன் முடிவில் யாருக்கு என்ன கிடைத்தது? 1931 மார்ச் 5 காந்தி – இர்வின் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தால்தான் தெரியும். உப்பு விளைகிற இடத்தை ஒட்டிய கிராமத்தார் வீட்டுக்கும் ஊருக்குள் விற்கவும் உப்பு எடுத்துக்கொள்ளலாம், வெளியே கொண்டுபோய் விற்கக் கூடாது. உப்பு வரி அப்படியே இருந்தது, முழுதாக ஒழிந்தது 1947இல். நிலவரி கட்ட மறுத்துப் பறிபோன நிலம் அரசாங்கத்தின் கையில் இருந்தால் திரும்பக் கிடைக்கும், மூன்றாவது ஆளுக்கு விற்றாகிவிட்டால் போனது போனதுதான். வேலையை உதறிய அரசாங்க ஊழியரின் இடத்தில் வேறொருவர் நிரந்தரமாக நியமிக்கப்பட்டிருந்தால் பழையவருக்கு அந்த இடம் கிடையாது. வன்முறை வழக்குக் கைதிகளுக்கு விடுதலை இல்லை. பெஷாவரில் கூட்டத்தின் மேல் சுட மறுத்த கார்வாலிச் சிப்பாய்களுக்கும் இல்லை. எங்கள் பலகையில் இதை நான்கு கட்டங்களாகப் போட்டிருந்தோம்: கிராமத்தார், விவசாயி, அரசாங்க ஊழியர், சிப்பாய். குழந்தைகூட ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்ளும். உங்கள் பலகையில் அந்த ஒப்பந்தத்துக்கு இருப்பது இருவர் கைகுலுக்கும் ஓவியம் ஒன்று.

இனி, நம் ஊர்ப் பக்கம். தாராவித் தோல் ஷாப்புகளுக்கு வேலை தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தக் கண்காட்சிக்கு அதிகம் வரப்போகிறவர்கள். வ.உ.சி.க்கு ஒரு முழுப் பலகை வைத்திருக்கிறீர்கள், சந்தோஷம். ஆனால் அதில் கப்பல் மட்டும்தான் இருக்கிறது. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்கள். அவர்களை எதிர்த்துப் பேசிய பெரிய மனிதருக்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்தார். மார்ச் 12 அன்று தலைவர்கள் கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலவரம், துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் சாவு. அதற்குப் பிறகு தண்டப் போலீசை நிறுத்தி, அதன் செலவை ஊர்மக்கள் தலையிலேயே அரசாங்கம் கட்டியது. வ.உ.சி. செக்கிழுத்தது எல்லோருக்கும் தெரியும். தண்டப் போலீஸ் வரி கட்டிய கடைக்காரரைப் பற்றி எந்தப் பலகையும் பேசுவதில்லை.

மாட்டுங்காப் பக்கத்துக் குமாஸ்தாக்கள் பலகையைத் திருப்பியதில் ஒரு சங்கடம் இருப்பது எங்களுக்குப் புரிகிறது. நம்மில் பலருடைய தாத்தாக்கள் அரசாங்க ஆபீஸிலும் ரயில்வேயிலும் டைப்பிஸ்டாக, ஸ்டெனோவாக, கணக்கராக இருந்தவர்கள், ஊர்வலத்துக்குப் போகாதவர்கள். போகாததற்குக் காரணம் பயம் மட்டும் அல்ல, எழுத்தில் இருந்த விதி. 1935 அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி ஊழியர் தான் அரசியலில் இறங்காமல் இருந்தால் மட்டும் போதாது. அவர் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிற யாரும் அரசாங்கத்துக்கு எதிரான இயக்கத்தில் சேராமல் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. பையன் மறியலுக்குப் போனால் அப்பாவின் வேலைக்கு வேட்டு. இந்த ஒரு விதியை எழுதினால் அந்தத் தலைமுறையின் மௌனம் ஓரளவு விளங்கும். மறைத்தால் கோழைகள் என்ற பழிதான் மிஞ்சும். இதே ரயில்வேயில் 1930 பிப்ரவரியில் ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே) தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏப்ரலில் செங்கொடியை முன்னால் நட்டுவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தார்கள், போலீஸ் சுட்டது. ஆபீஸ் அறையும் பணிமனையும் ஒரே ரயில்வேதான்.

பார்சிகள் பலகை பற்றி "தேவையற்ற சர்ச்சை" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. 1921 நவம்பர் 17 அன்று வேல்ஸ் இளவரசர் இங்கே வந்து இறங்கினார். வரவேற்கப் போன பார்சிகள், கிறிஸ்தவர்கள், யூதர்கள் தாக்கப்பட்டார்கள், கள்ளுக்கடைகள் நொறுக்கப்பட்டன, அவர்களும் திருப்பித் தாக்கினார்கள். சில நாள் கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காந்தி உண்ணாவிரதம் இருந்துதான் அது அடங்கியது. அவரே வெட்கப்பட்டு வெளிப்படையாகப் பேசிய ஒன்றை நாம் எதற்கு மூடி வைக்க வேண்டும்? அதே கள்ளுக்கடை 1939 ஆகஸ்ட் 1 அன்று பம்பாயில் வந்த மதுவிலக்கோடு மூடியது. பல கடைகள் பார்சிகளுடையவை, மரம் ஏறியவர்கள் பண்டாரி சமூகத்தார். குடிகாரன் வீட்டுப் பெண்ணுக்கு அது நிம்மதி, மரமேறிக்குப் பிழைப்புப் போனது. பனையேறிகளின் ஊரிலிருந்து வந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் பலகைக்குப் பதிலாக நீங்கள் வைத்திருப்பது சரோஜினி நாயுடு படம். அவருக்கு இடம் கொடுங்கள், தவறில்லை. ஆனால் துணிக்கடை வாசலில் காவிச் சேலையில் மறியல் செய்த தேஷ் சேவிகா சங்கத்தாரையும் சேருங்கள். 1942 ஆகஸ்ட் 27 முதல் நவம்பர் 12 வரை இடம் மாற்றி மாற்றி ரகசியக் காங்கிரஸ் வானொலியை நடத்திப் பிடிபட்ட உஷா மேத்தாவையும் சேருங்கள். மறியலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வீட்டுப் பெண்கள். ஆலையில் கூலிக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி கிடையாது. இதையும் அதே பலகையில் சொல்ல வேண்டும்.

ஒடுக்கப்பட்டோர் பலகை தாராவியில் வைக்காவிட்டால் வேறெங்கே வைப்பது? 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசிடமிருந்து வந்த வகுப்புவாரித் தீர்ப்பு அவர்களுக்குத் தனித்தொகுதியாக (அவர்கள் மட்டுமே ஓட்டுப் போடும் தொகுதி) மாகாணச் சட்டசபைகளில் 71 இடம் கொடுத்தது, பொதுத்தொகுதியிலும் ஓட்டு உண்டு. தனித்தொகுதியை எதிர்த்துக் காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 148 ஆயின, தனித்தொகுதி போனது. சென்னைக்கு 30, சிந்து சேர்ந்த பம்பாய்க்கு 15. இடங்கள் இரட்டிப்புக்கும் மேலாயின என்று ஒரு தரப்பு, தன் ஆளைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை போயிற்று என்று இன்னொரு தரப்பு. இரண்டையும் எழுதியிருந்தோம். கையெழுத்திட்டவர்களில் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் தமிழர்கள். தமிழர் கண்காட்சியில் இந்த இருவர் பெயரும் இல்லை என்பதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

இனி கடற்படை. இதில் எங்கள் பலகையைத் திருப்பிவிட்டு, அதைச் சுருக்கி ஒரு படத்தோடு அச்சுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். படத்தில் ஒரு போர்க்கப்பல், கீழே "தல்வார் கப்பல், 1946" என்று இருக்கிறது. தல்வார் கப்பலே இல்லை. கொலாபாவில் தரைமேல் இருந்த சமிக்ஞைப் பயிற்சி நிலையம். கடற்படை வழக்கப்படி கரையில் உள்ள நிலையத்துக்கும் கப்பல் பெயர் வைப்பார்கள், அதனால் வந்த குழப்பம். இது சின்ன விஷயம் இல்லை. தந்தியும் ரேடியோவும் கையில் இருந்த மாலுமிகள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியதால்தான் செய்தி சில மணி நேரத்தில் மற்றக் கப்பல்களுக்கும் கராச்சிக்கும் போய்ச் சேர்ந்தது. கப்பல் படம் போட்டால் அந்தக் காரணமே காணாமல் போகிறது.

1946 பிப்ரவரி 18 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. மட்டமான சாப்பாடு, அதிகாரியின் ஏச்சு, வெள்ளைக்கார மாலுமிக்கு ஒரு சம்பளம் இவர்களுக்கு ஒரு சம்பளம். இவற்றோடு இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுவிக்க வேண்டும், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படையைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பனவும் கோரிக்கையில் இருந்தன. வேலைநிறுத்தக் குழுவின் தலைவர் எம்.எஸ். கான், துணைத் தலைவர் மதன் சிங். ஒருவர் முஸ்லிம், ஒருவர் சீக்கியர். காங்கிரஸ் தலைமையும் முஸ்லிம் லீக் தலைமையும் சரணடையச் சொன்னார்கள். பிப்ரவரி 22 அன்று ஆலைத் தொழிலாளிகளும் மாணவர்களும் நகரத்தை மூடினார்கள். சூட்டில் இறந்தவர்கள் இருநூறுக்கும் மேல். இங்கேதான் வழக்கமாக இன்னொரு தவறு நடக்கும்: அந்த எண்ணிக்கையை மாலுமிகள் கணக்கில் எழுதிவிடுவார்கள். இறந்தவர்கள் ஊர்க்காரர்கள், அதிலும் பெரும்பாலோர் ஆலைப் பகுதிகளில். பரேலில் சுடப்பட்ட கமல் தோண்டே அவர்களில் ஒருவர். மாலுமிகள் 23ஆம் தேதி சரணடைந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். விடுதலைக்குப் பிறகு இந்தியக் கடற்படையும் அவர்களைத் திரும்ப எடுக்கவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் எடுக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பிரிக்கக் கூடாது என்பீர்களானால், சுதந்திர இந்தியாவின் அரசாங்கமே பிரித்த இடம் ஒன்று உண்டு. 1972இல் மத்திய அரசு தியாகிகளுக்கு ஓய்வூதியம் தொடங்கியது. பொதுவாக ஆறு மாதச் சிறை வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் மூன்று மாதம் போதும். ஒரே போராட்டத்துக்கு எல்லோரும் கொடுத்த விலை ஒன்றில்லை என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியும் ஒரு வாரம், பதினைந்து நாள் லாக்கப்பில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய மில் தொழிலாளி இந்தக் கணக்கில் வரமாட்டார்.

பலகையை எப்படிச் செய்தால் இடப் பிரச்சினை வராது என்பதையும் சொல்லிவிடுகிறோம், பிறகு அதையே காரணமாகக் காட்ட வேண்டாம். மூன்றடிக்கு நான்கடிப் பலகையில் ஒரு மொழியில் 90 சொல்லுக்கு மேல் போனால் யாரும் நின்று படிப்பதில்லை. தமிழ், மராத்தி, இந்தி மூன்றும் வைப்பதால் ஒவ்வொன்றிலும் 60 சொல் போதும். ஒவ்வொரு பலகையிலும் அதே நான்கு வரி: என்ன செய்தார்கள், என்ன போயிற்று, என்ன கிடைத்தது, எந்த ஆண்டு. படத்தின் கீழே ஆண்டும் இடமும் தெரியாவிட்டால் அந்தப் படமே வேண்டாம். இணையத்தில் எடுத்த படங்களில் 1930 மறியலை 1942 என்றும், 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் வந்த 1942 கோவாலியா டாங்க் கூட்டத்தை ஆகஸ்ட் 15 என்றும் போட்டிருப்பதை நாங்களே பலமுறை திருத்தியிருக்கிறோம். காலாகோடாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் உள்துறைச் சிறப்புப் பிரிவுக் கோப்புகள் இருக்கின்றன, அக்காலப் பம்பாய் கிரானிக்கிள் இதழ்களும் பார்க்கக் கிடைக்கும். ஒரு தேதியை இரண்டு இடத்திலாவது சரிபார்த்துவிட்டே அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

எனவே நாங்கள் கேட்பது இவை. திரும்பி வந்த ஏழு பலகைகளையும் மீண்டும் சேர்க்க வேண்டும். அதற்கு இடம் வேண்டுமென்றால் 24 தலைவர் படங்களை ஆறு ஆறாக நான்கு பலகையில் அடக்கலாம், அளவெடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம். "மக்கள் அலையெனத் திரண்டனர்" பலகையை எடுத்துவிட வேண்டும். தல்வார் படத்தை அச்சகத்திலிருந்து உடனே திரும்பப் பெற வேண்டும். ஃபிளெக்ஸ் ஓட்டிவிட்டார்கள் என்றால் அந்தப் பலகைக்கான செலவை நாங்கள் ஏற்கிறோம். வ.உ.சி. பலகையில் கோரல் ஆலை வேலைநிறுத்தமும் திருநெல்வேலித் துப்பாக்கிச் சூடும் இரண்டு வரியாவது சேர வேண்டும். பூனா ஒப்பந்தப் பலகை மண்டபத்தின் உள் மூலையில் வேண்டாம், வாசலிலிருந்து மூன்றாவதாக வைக்க வேண்டும். எந்தப் பலகையை யார், எந்தக் காரணத்தால் மாற்றினாலும் அதை எழுத்தில் தர வேண்டும், பென்சில் குறிப்பு போதாது.

ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் தாருங்கள். அதற்குப் பிறகு அச்சகத்துக்கு நேரம் போதாது. சம்மதமில்லை என்றால், மீதி நான்கு பலகைகளில் உள்ள எங்கள் வாசகத்தையும் எடுத்துவிடுங்கள். பதினொன்றையும் நாங்களே தாராவியில் வேறொரு கூடத்தில் வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பலகை வாசகம் எழுதிக் கொடுத்த நால்வர்
மாட்டுங்கா – தாராவி, மும்பை